மலையின் இரு பக்கமும்: ருமேனியர்களின் தாயகம்

1521ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், கார்பாத்தியன் மலைக்குத் தெற்கே உள்ள கும்புலுங் என்ற ஊரிலிருந்து நியாக்ஷு என்பவர் ஒரு கடிதம் அனுப்பினார். மலைக்கு வடக்கே இருந்த பிரஷோவ் நகரத்தின் தலைவர் ஹான்ஸ் பெங்க்னருக்கு அது போய்ச் சேர்ந்தது. துருக்கிச் சுல்தான் சோபியாவை விட்டுக் கிளம்பிவிட்டார், படகுகள் டான்யூப் ஆற்றில் மேல்நோக்கி வருகின்றன, எச்சரிக்கையாக இருங்கள் என்பது செய்தி. கடிதத்தின் தொடக்க வாழ்த்தும் முடிவும் அன்றைய எழுத்தர் வழக்கப்படி சர்ச் ஸ்லாவிய மொழியில் இருக்கின்றன. அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வந்ததும் ருமேனிய மொழி தொடங்குகிறது, சிரில்லிக் எழுத்தில். காலம் உறுதியாகத் தெரிந்த ருமேனிய எழுத்துகளில் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது இந்தக் கடிதம்தான்.

எழுதியவர் வல்லாக்கியா என்ற சிற்றரசின் குடிமகன். அந்தச் சிற்றரசு உஸ்மானியப் பேரரசுக்குத் திறை கட்டியது. பெற்றவர் ஜெர்மன் மொழி பேசும் சாக்சன். அவருடைய நகரம் ஹங்கேரி மன்னரின் ஆட்சியில் இருந்தது. இருவருக்கும் நடுவே மலை. அந்த மலையே அரசியல் எல்லை. ஆனால் தெற்கே எழுதிய மொழியை வடக்கே படித்துச் சொல்ல ஆள் இருந்தது. ருமேனியர்களின் தாயகம் எது என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். ரோமானியப் படைவீரர்களில் தொடங்குகிறார்கள் சிலர், பால்கன் மேய்ப்பர்களில் தொடங்குகிறார்கள் வேறு சிலர். இந்தக் கட்டுரை மலையில் தொடங்குகிறது. எல்லை என்று அரசர்கள் வரைந்த இடத்தை மக்கள் எல்லையாகவே நினைக்கவில்லை என்பதுதான் இந்த நாட்டின் கதையில் மிக முக்கியமான செய்தி.

இன்றைய ருமேனியாவின் பரப்பு 2,38,397 சதுர கிலோமீட்டர். வடக்கே உக்ரேன், கிழக்கே மால்டோவா, தெற்கே பல்கேரியா, தென்மேற்கே செர்பியா, மேற்கே ஹங்கேரி, தென்கிழக்கே கருங்கடல். கார்பாத்தியன் மலைத்தொடர் வடக்கிலிருந்து இறங்கி, நாட்டின் நடுவில் சட்டென்று மேற்கே வளைகிறது. அந்த வளைவுக்குள் அடங்கிய உயர்ந்த பீடபூமி திரான்சில்வேனியா. வளைவுக்குத் தெற்கே டான்யூப் வரை விரியும் சமவெளி வல்லாக்கியா. கிழக்கே புரூட் ஆற்றை நோக்கிச் சரியும் குன்றுப் பகுதி மொல்டாவியா. டான்யூபுக்கும் கடலுக்கும் இடையே காய்ந்த புல்வெளியாகக் கிடப்பது தொப்ரோஜா. வடக்கு மூலையில் மரமுரெஷ், தென்மேற்கில் பனாத். மலை, குன்று, சமவெளி ஆகிய மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக நாட்டைப் பிரித்துக்கொள்கின்றன. மிக உயர்ந்த சிகரம் மொல்டோவியானு, 2,544 மீட்டர்.

ஆல்ப்ஸ் அளவுக்கு இந்த மலை உயரமில்லை. கணவாய்கள் நிறைய. ஓல்ட் என்ற ஆறு திரான்சில்வேனியாவில் பிறந்து, மலைத்தொடரையே குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கி டான்யூபில் கலக்கிறது. டிராகுலாவின் கோட்டை என்று சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் பிரான் கோட்டை, உண்மையில் அப்படியொரு கணவாயின் வாயில். 1377இல் ஹங்கேரி மன்னர் முதலாம் லாயோஷ் அனுமதி தர, பிரஷோவ் சாக்சன்கள் தங்கள் செலவில் கட்டியது. மலையைக் கடக்கும் சரக்குகளுக்கு அங்கே சுங்கம் வாங்கினார்கள். 1897இல் டிராகுலா நாவலை வெளியிட்ட பிராம் ஸ்டோக்கர் ருமேனியாவுக்கு வந்ததே இல்லை. கதையைப் பறித்துவிட்டாலும் பிரானுக்கு மதிப்புக் குறையாது. கம்பளியும் தோலும் மெழுகும் மாடுகளும் இவ்வழியே போய்வந்ததை அந்தச் சுங்கச்சாவடிதான் இன்றும் சொல்கிறது.

வணிகர்களைவிட அதிகம் நடந்தவர்கள் மேய்ப்பர்கள். சிபியு நகரத்தைச் சுற்றிய மலையடிவார ஊர்களின் மந்தைகள் கோடையில் உச்சிப் புல்வெளிகளுக்கு ஏறும். பனி விழத் தொடங்கியதும் மறுபக்கம் இறங்கி டான்யூப் சதுப்புகளுக்கும் தொப்ரோஜாவுக்கும் நடக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை, வாரக்கணக்கில். போகும் வழியில் பாலாடைக்கட்டி விற்பார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், சிலர் அங்கேயே தங்கி ஊர் உண்டாக்குவார்கள். ருமேனிய மொழி பரந்த நிலப்பரப்பில் பேசப்பட்டும் ஒருவருக்கொருவர் புரியாத வட்டார வழக்குகளாக உடையவில்லை. மரமுரெஷ் விவசாயி பேசுவது டான்யூப் மீனவருக்குப் புரியும். இதற்கு மந்தை வழிகள் ஒரு பெரிய காரணம் என்று கருத நல்ல இடமிருக்கிறது. பருவத்துக்கேற்ப மந்தைகளை நடத்திச் செல்லும் இந்த மரபை 2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ருமேனியாவும் அதில் இடம்பெற்றது.

மலையின் வயிற்றில் பொன்னும் உப்பும், அடிவாரத்தில் எண்ணெயும். 1857இல் பதிவான கச்சா எண்ணெய் உற்பத்தி 275 டன். அதே ஆண்டு ப்ளோயெஷ்தி சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெயால் புக்கரெஸ்ட் தெருவிளக்குகள் எரிந்தன. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி இந்த எண்ணெயை நம்பியிருந்ததால் 1943 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்க விமானங்கள் ப்ளோயெஷ்தியைத் தாழப் பறந்து தாக்கின. டான்யூப் ஆறு தன் 2,850 கிலோமீட்டர் பயணத்தில் கடைசி 1,075 கிலோமீட்டரை ருமேனியாவிலும் அதன் எல்லையிலும் கழிக்கிறது. பிறகு மூன்று கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேர்கிறது. கழிமுகத்தின் நாணல் காடுகள் பெலிக்கன் பறவைகளுக்குப் புகலிடம். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் சமயச் சீர்திருத்தத்தை ஏற்க மறுத்து ஓடிவந்த லிப்போவன் மக்களுக்கும் அதுவே புகலிடமானது. இன்றும் அவர்கள் அங்கே மீன்பிடித்து, பழைய முறைப்படி வழிபடுகிறார்கள்.

இனி, தாயகம் எது என்ற வழக்குக்குள் போகலாம்.

கி.மு. முதல் நூற்றாண்டில் டேசியர்கள் என்ற மக்கள் இந்த மலைகளில் வாழ்ந்தார்கள். புரெபிஸ்டா என்ற மன்னர் அவர்களை ஒன்றுதிரட்டினார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் டெசெபாலுஸ் என்ற மன்னர் ரோமுக்குப் பெரும் தலைவலியானார். பேரரசர் டிராஜன் இரண்டு போர்கள் நடத்தினார்: 101-102, 105-106. இரண்டாவது போருக்கு முன் டமாஸ்கஸ் நகரத்துக் கட்டடக்கலைஞர் அப்பல்லொடோரஸ், டான்யூபின் குறுக்கே 1,100 மீட்டருக்கும் நீண்ட பாலம் கட்டினார். டேசியர்களின் மலைத் தலைநகர் சர்மிசெகெடுசா வீழ்ந்தது. பிடிபடுமுன் டெசெபாலுஸ் தற்கொலை செய்துகொண்டார். ரோமில் 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் இந்தப் போர்கள் முழுவதும் கல்லில் சுருள் சுருளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வென்றவன் எழுதிய வரலாறுதான் அது. ஆனாலும் தோற்றவர்களின் தொப்பி, தாடி, வளைந்த வாள் எல்லாவற்றையும் கவனித்துச் செதுக்கியிருக்கிறான் சிற்பி.

பிறகு ஏறக்குறைய 165 ஆண்டுகள் டேசியா ரோமின் மாகாணம். அபுசேனி மலையிலுள்ள ரோஷியா மொந்தானாவில் தங்கச் சுரங்கங்கள் தோண்ட, பேரரசின் பல மூலைகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அந்தச் சுரங்கங்களுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த மெழுகு பூசிய மரப்பலகைகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிடைத்தன. கடன் பத்திரம், அடிமை விற்பனை, சுரங்கக் கூலி ஒப்பந்தம் என்று இரண்டாம் நூற்றாண்டின் அன்றாட வாழ்க்கை அவற்றில் லத்தீன் மொழியில் பதிந்திருக்கிறது. ரோமப் பேரரசின் விளிம்பில் கூலிக்காரன் எத்தகைய பத்திரத்தில் கையெழுத்திட்டான் என்று நமக்குத் தெரிவது இத்தகைய சில இடங்களால்தான். அதே மலையைச் சயனைடு கொண்டு திறந்தவெளிச் சுரங்கமாக்க வந்த திட்டத்தை எதிர்த்து 2013இல் ருமேனிய நகரங்களில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 2021இல் ரோஷியா மொந்தானா உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டம் நடந்திராவிட்டால் அறிவிக்க அங்கே மலை மிஞ்சியிருக்காது.

271க்கும் 275க்கும் இடையில் பேரரசர் அவ்ரேலியன் படையையும் நிர்வாகத்தையும் டான்யூபுக்குத் தெற்கே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள், ஆற்றுக்கு வடக்கே லத்தீன் வழி மொழி பேசிய மக்களைப் பற்றி எழுத்துச் சான்று மிகச் சொற்பம். கோத்துகள், ஹூணர்கள், கெப்பிதர்கள், அவார்கள், ஸ்லாவியர்கள், மாஜியார்கள் எனப்பட்ட ஹங்கேரியர்கள் என்று அலை அலையாக மக்கள் வந்துபோனார்கள். அலைகள் ஓய்ந்து பார்த்தால் அங்கே ருமேனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகவே இல்லையா? அல்லது திரும்பி வந்தார்களா?

போகவே இல்லை என்பது தொடர்ச்சிக் கொள்கை. டேசியர்களும் ரோமானியக் குடியேறிகளும் கலந்து, மலைகளிலும் காடுகளிலும் ஒதுங்கி, மொழியைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்கிறது அது. எதிர்த்தரப்பைக் கூர்மையாக வகுத்தவர் ஆஸ்திரிய அறிஞர் ராபர்ட் ரோஸ்லர். 1871இல் வெளியான அவருடைய நூல், ருமேனியர்கள் டான்யூபுக்குத் தெற்கே பால்கனில் உருவாகி இடைக்காலத்தில் வடக்கே நகர்ந்தவர்கள் என்று வாதிட்டது.

இரு தரப்புக்கும் சான்று உண்டு. ருமேனிய மொழிக்கும் அல்பேனிய மொழிக்கும் பொதுவான பழஞ்சொற்கள் பல, அவற்றில் கணிசமானவை மேய்ச்சல் வாழ்க்கையைச் சேர்ந்தவை. கிரீஸ், வடக்கு மாசிடோனியா, அல்பேனியா மலைகளில் இன்றும் அரோமானியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது ருமேனிய மொழியின் உடன்பிறப்பு. பைசாந்திய வரலாற்றில் வலாக்குகள் என்ற பெயரில் இம்மக்கள் தலைகாட்டுவது 976ஆம் ஆண்டு நிகழ்வொன்றில், அதுவும் மாசிடோனியாவில், ஆற்றுக்கு வெகு தெற்கே. இவை தெற்கைச் சுட்டுகின்றன. மறுபக்கம், அவ்ரேலியன் வாபசானபோது சுரங்கத் தொழிலாளியும் உழவனும் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்று நம்புவது கடினம். படை போன பிறகும் திரான்சில்வேனியாவில் ரோமானிய முறைப் புதைகுழிகளும் ஊர்களும் சில தலைமுறைகள் தொடர்ந்ததை அகழாய்வு காட்டுகிறது. பெரிய ஆறுகளின் பழம்பெயர்கள் தப்பியிருக்கின்றன. 1200ஆம் ஆண்டையொட்டிப் பெயர் தெரியாத ஹங்கேரிய ஆசிரியர் எழுதிய வரலாறு, மாஜியார்கள் வந்தபோது திரான்சில்வேனியாவில் கெலோ என்ற வலாக்குத் தலைவன் ஆண்டதாகச் சொல்கிறது. அந்நூலை எவ்வளவு நம்பலாம் என்பதே தனி வழக்கு.

நதியின் இரு கரையிலும் லத்தீன் பேச்சு இருந்தது, மேய்ப்பர்கள் இரு பக்கமும் நடந்தார்கள், ஆகவே ஒரே புள்ளியைப் பிறப்பிடமாகத் தேடுவது வீண் என்ற நடுநிலைப் பார்வையே இன்றைய சான்றுகளுக்கு மிகவும் பொருந்துகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ரோமானிய டேசியா என்பது திரான்சில்வேனியா, பனாத், தென்மேற்கு வல்லாக்கியா ஆகியவற்றை மட்டுமே உள்ளடக்கியது. மொல்டாவியாவும் மரமுரெஷும் ஒருநாளும் அந்த மாகாணத்தில் இருந்ததில்லை. ஆனால் ருமேனிய மொழியின் பெரும் கவிஞர் மிஹாய் எமினெஸ்கு மொல்டாவியாவில் பிறந்தவர். ரோமானிய எல்லைக்கோட்டை வைத்துத் தாயகத்தை அளந்தால் எமினெஸ்குவின் ஊர் வெளியே போய்விடும்.

அறிஞர் விவாதமாக மட்டும் இது இருந்திருந்தால் நல்லது. திரான்சில்வேனியாவில் 1437இல் நடந்த விவசாயிகள் எழுச்சியை அடுத்து ஹங்கேரியப் பிரபுக்கள், ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்கள், சாக்சன்கள் ஆகிய மூவரும் கூட்டணி அமைத்துக்கொண்டார்கள். ‘மூன்று இனங்களின் ஒன்றியம்’ என்று அதற்குப் பெயர். எண்ணிக்கையில் பெருகிவந்த ருமேனியர்களுக்கு அதில் இடமில்லை. சமய விஷயத்திலும் அப்படியே. நான்கு திருச்சபைகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது, ருமேனியர்களின் ஆர்த்தடாக்ஸ் சமயம் வெறுமனே பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1791இல் திரான்சில்வேனிய ருமேனியத் தலைவர்கள் வியன்னா அரசவைக்குச் சமஉரிமை கேட்டு விண்ணப்பம் போட்டபோது முன்வைத்த வாதம் இரண்டு: நாங்கள்தான் அதிகம் பேர், நாங்கள்தான் முதலில் வந்தவர்கள். முதல் வாதமே போதுமானது. ஆனால் அந்தக் காலத்தில் பழமைக்குத்தான் சட்ட மதிப்பு. அன்றிலிருந்து ருமேனியனின் குடியுரிமை மூன்றாம் நூற்றாண்டு மண்பானைகளோடு கட்டப்பட்டுவிட்டது. உரிமை மறுக்கப்பட்ட மக்களை அப்படியொரு வாதத்துக்குத் தள்ளியது அநீதி. அந்த வாதத்தைப் பின்னால் அதிகாரத்துக்கு வந்தவர்கள் கையாண்ட விதம் இன்னொரு அநீதி. கம்யூனிஸ்டுத் தலைவர் நிக்கொலாய் சௌசெஸ்கு ஆட்சியில் 1974இல் க்ளூஜ் நகரத்தின் பெயரோடு ரோமானியப் பெயரான நபோகா ஒட்டப்பட்டது. 1980இல் புரெபிஸ்டா அரசின் 2,050ஆவது ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. 1986இல் ஹங்கேரிய அறிவியல் கழகம் திரான்சில்வேனிய வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது புக்கரெஸ்ட் அதைத் தேசத்தின் மீதான தாக்குதலாகவே எடுத்துக்கொண்டது. மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஆண்டுகள் அவை.

அரசுகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1330இல் பசராப் ஹங்கேரி மன்னரைத் தோற்கடித்ததோடு வல்லாக்கியா தலைநிமிர்ந்தது. 1359 வாக்கில் போக்டன் மரமுரெஷிலிருந்து மலையைத் தாண்டி வந்து மொல்டாவியாவைத் தனி அரசாக்கினார். மகா ஸ்டெபான் அதை 1457 முதல் 1504 வரை ஆண்டார். 1600இல் வீரர் மிஹாய் திரான்சில்வேனியாவோடு சேர்த்து மூன்று நிலங்களையும் சில மாதங்கள் ஒரே கையில் பிடித்தார், மறுவருடமே கொல்லப்பட்டார். 1859 ஜனவரியில் மொல்டாவியாவும் வல்லாக்கியாவும் ஒரே ஆளை, அலெக்சாந்த்ரு யோன் கூசாவை, தனித்தனியே தங்கள் ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தன. வல்லரசுகள் ஒன்றிணைப்புக்கு அனுமதி தரவில்லை. ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத அவை மறந்திருந்தன. அந்த இடைவெளிக்குள் ஒரு நாடு பிறந்தது. 1877இல் விடுதலை அறிவிப்பு, 1881இல் முடியரசு. 1918 டிசம்பர் 1 அன்று திரான்சில்வேனிய ருமேனியர்களின் 1,228 பிரதிநிதிகள் ஆல்பா யூலியா நகரில் கூடி ருமேனியாவோடு இணைவதாகத் தீர்மானித்தார்கள். அதுவே இன்றைய தேசிய நாள். புரூட் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பெஸ்ஸரேபியாவும் வடக்கே இருந்த புக்கோவினாவும் அதே ஆண்டு இணைந்திருந்தன. நாடு 2,95,000 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது.

பெருத்த நாட்டில் ருமேனியர்கள் மட்டும் இருக்கவில்லை. 1930 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 1 கோடியே 80 லட்சம். ருமேனியர்கள் 72 விழுக்காடு, ஹங்கேரியர்கள் 8, ஜெர்மானியர்கள் 4, யூதர்கள் 4. அந்தத் தாயகம் எப்படி உடைந்தது என்று அறிய வேண்டுமானால் மரமுரெஷில் உள்ள சிகெத் என்ற சிறு நகரத்தைப் பார்த்தால் போதும்.

1940இல் மூன்று மாதங்களுக்குள் ருமேனியா தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. ஜூன் மாதம் சோவியத் யூனியன் பெஸ்ஸரேபியாவையும் வடக்குப் புக்கோவினாவையும் பறித்தது. ஆகஸ்டு 30 அன்று ஹிட்லரும் முசோலினியும் வடக்குத் திரான்சில்வேனியாவை ஹங்கேரிக்குக் கொடுத்தார்கள். சிகெத் அதற்குள் அடங்கியது. செப்டம்பரில் தெற்குத் தொப்ரோஜா பல்கேரியாவுக்குப் போனது. 1944 மே மாதம் சிகெத்தின் யூதர்கள் ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் 15 வயது எலி வீசல். தாயும் தங்கையும் திரும்பவில்லை, தகப்பனும் முகாமில் இறந்தார். ஹங்கேரிய ஆட்சியின் குற்றம் அது என்று ருமேனியாவில் நெடுங்காலம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ருமேனியாவின் சொந்தக் கணக்கைத் தீர்க்க 2003இல் அமைந்த சர்வதேச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் அதே எலி வீசல். 2004இல் வந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது: மார்ஷல் அந்தொனெஸ்குவின் ருமேனிய அரசின் பொறுப்பில் இருந்த நிலங்களில் கொல்லப்பட்ட யூதர்கள் 2,80,000 முதல் 3,80,000 பேர். 1941 ஜூனில் யாஷி நகரத்தில் நடந்த படுகொலையை நடத்தியவர்கள் ருமேனிய அதிகாரிகளும் படையினரும்தான். போரில் ருமேனியா கைப்பற்றிய திரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட 25,000 ரோமா மக்களில் ஏறக்குறைய 11,000 பேர் பசியிலும் குளிரிலும் மாண்டார்கள்.

போர் முடிந்து சிகெத் மீண்டும் ருமேனியாவுக்கு வந்தது. அங்கிருந்த பழைய சிறைக்குக் கம்யூனிஸ்டு அரசு 1950இல் முன்னாள் அமைச்சர்களையும் ஆயர்களையும் அறிஞர்களையும் கொண்டுவந்து அடைத்தது. சோவியத் எல்லை நடந்து போகும் தொலைவு. யூலியு மானியு அங்கேதான் 1953 பிப்ரவரியில் இறந்தார், 80 வயதில். 1918இல் திரான்சில்வேனியாவை ருமேனியாவோடு இணைத்த தலைவர்களில் முதன்மையானவர் அவர், பிற்பாடு பிரதமராகவும் இருந்தவர். உடல் எங்கே புதைக்கப்பட்டது என்று குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் அங்கே இறந்த இன்னொருவர் கியோர்கே பிரத்தியானு. ருமேனிய மக்களின் தோற்றம் ஒரு புதிர், ஓர் அதிசயம் என்று தலைப்பிட்டு 1937இல் பிரெஞ்சு மொழியில் நூல் எழுதிய வரலாற்றாசிரியர். ருமேனியர்கள் இந்த மண்ணுக்குரியவர்கள் என்று உலகுக்கு எடுத்துச்சொன்ன அறிஞரையும், அந்த மண்ணை ஒன்றுசேர்த்த தலைவரையும் ஒரே சிறையில் சாகவிட்டது ஒரு ருமேனிய அரசுதான். இன்று அந்தக் கட்டடம் நினைவகம். கவிஞர் அனா பிளாந்தியானா முன்னின்று உருவாக்கியது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர்களின் அழைப்பில் வந்து, கோட்டைத் தேவாலயங்களும் நகரங்களும் கட்டிய சாக்சன்கள் எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சௌசெஸ்கு அவர்களை மேற்கு ஜெர்மனிக்குத் தலைக்கு இவ்வளவு மார்க் என்று விலை பேசி அனுப்பினார். அப்படிப் போன ஜெர்மானியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1990க்குப் பின் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் தாமாகவே கிளம்பினார்கள். 1930இல் ஏழு லட்சத்துக்கும் மேலிருந்த ஜெர்மானியர்கள் 2021இல் 23,000 பேருக்கும் குறைவு. பனாத்தின் நிட்ஸ்கிடோர்ஃப் கிராமத்தில் பிறந்த ஹெர்த்தா மியுல்லர் 1987இல் வெளியேறி 2009இல் நோபல் பரிசு பெற்றார். போகாமல் தங்கிய சாக்சன் ஒருவர், சிபியு நகர மேயராக இருந்த கிளாவுஸ் யோஹானிஸ், 2014இல் ருமேனியக் குடியரசுத் தலைவரானார்.

ரோமா மக்களைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். இந்தோ-ஆரிய மொழியொன்றைச் சுமந்து இந்தியாவிலிருந்து மேற்கே நடந்த இம்மக்கள், வல்லாக்கியாவிலும் மொல்டாவியாவிலும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து அடிமைகளாக வைக்கப்பட்டார்கள். உரிமையாளர்கள் மன்னர்கள், நிலப்பிரபுக்கள், மடாலயங்கள். 1855, 1856 ஆண்டுகளில்தான் அடிமை முறை முழுதாக ஒழிந்தது. 2021 கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று பதிந்தவர்கள் 5,69,000. உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஏனெனில் இழிவுக்கு அஞ்சி மறைப்பவர்கள் பலர். ஐந்நூறு ஆண்டுகள் உழைத்த மண்ணில் அவர்களுக்குத் தாயகம் உண்டா என்று யாரும் ஆய்வு நூல் எழுதிச் சண்டையிட்டதில்லை. ஹங்கேரியர்கள் சுமார் 10 லட்சம் பேர். ஹர்கீதா, கொவாஸ்னா மாவட்டங்களில் அவர்களே பெரும்பான்மை. தொப்ரோஜாவில் துருக்கியரும் தாத்தாரியரும் இருக்கிறார்கள்.

கிழக்கே புரூட் ஆறு. மலை சேர்த்ததை இந்த ஆறு பிரித்தது. 1812இல் ரஷ்யப் பேரரசு மொல்டாவியாவின் கிழக்குப் பாதியான பெஸ்ஸரேபியாவை வெட்டி எடுத்துக்கொண்டது. 1918 முதல் 1940 வரை ருமேனியாவோடு இருந்த அந்த நிலம் பின்னர் சோவியத் குடியரசாகி, 1991 ஆகஸ்டு 27 அன்று மால்டோவா என்ற தனிநாடானது. மொழி ஒன்றே. 2023இல் மால்டோவா நாடாளுமன்றமே தன் சட்டங்களில் ஆட்சிமொழியை ருமேனியன் என்று திருத்திவிட்டது. ஆனால் கணக்கெடுப்பில் பெரும்பான்மையோர் தங்களை மால்டோவர் என்றே பதிகிறார்கள். இரண்டையும் அப்படியே மதிப்பதுதான் சரி.

வடக்கே 1940இல் புக்கோவினாவை இரண்டாகப் பிளந்த கோட்டில் சிரெத் என்ற சாவடி இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியதும் அகதிகளோடு இந்திய மருத்துவ மாணவர்களும் அதன் வழியே ருமேனியாவுக்குள் நுழைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பிப்ரவரி 26 அன்று இந்திய அரசின் முதல் மீட்பு விமானம் புக்கரெஸ்டிலிருந்துதான் மும்பைக்குக் கிளம்பியது. தாயகத்துக்காக இவ்வளவு சண்டையிட்ட நாடு, எல்லையைத் திறந்துவைத்து, யாரென்று கேட்காமல் உணவு கொடுத்தது.

ருமேனியாவின் இன்றைய பெருங்கவலை எல்லை அல்ல, ஆள். 1989 டிசம்பரில் திமிஷோவாராவில் மூண்ட எழுச்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டு சௌசெஸ்குவை வீழ்த்தியது. அப்போது மக்கள்தொகை 2 கோடியே 30 லட்சம். 2021இல் 1 கோடியே 90 லட்சம். 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் வெளியேறும் வழி அகன்றது. இத்தாலியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனியர்கள். ஸ்பெயின், ஜெர்மனி, பிரிட்டனில் லட்சக்கணக்கில். மொல்டாவியாவின் பல கிராமங்களில் பாட்டி தாத்தாக்களே பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். காலியான இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலை அனுமதிகள் வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் புக்கரெஸ்டில் கட்டடம் கட்டுகிறார்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

வெளியே போனவர்கள் தாயகத்தைக் கைவிடவில்லை. 2024 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2025இல் மீண்டும் நடந்தது. மே 18 அன்று இறுதிச் சுற்றில் வெளிநாடுகளில் வாக்களித்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் தேசியவாத வேட்பாளர் ஜார்ஜ் சிமியோனை ஆதரித்தார்கள். மால்டோவாவை ருமேனியாவோடு சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் முழங்கிய அவரை மால்டோவாவில் வாழும் ருமேனியக் குடிமக்களே நிராகரித்தார்கள். அங்கே பத்தில் எட்டு வாக்குகளுக்கும் மேல் கணித அறிஞரும் அப்போதைய புக்கரெஸ்ட் மேயருமான நிகுஷோர் தானுக்குக் கிடைத்தன. ஹங்கேரியர் பெரும்பான்மையாக வாழும் ஹர்கீதாவில் பத்தில் ஒன்பது பேர் தானுக்கு வாக்களித்தார்கள். அவர் 53.6 விழுக்காடு பெற்று வென்றார். வெளிநாடுவாழ் ருமேனியர்களுக்கு நாடாளுமன்றத்தில் இப்போது ஆறு இடங்கள்: கீழவையில் நான்கு, மேலவையில் இரண்டு. 16 லட்சம் பேர் வரிசையில் நின்று வாக்களித்த பிறகு அந்த ஆறு போதும் என்று சொல்ல நியாயமில்லை.